எந்த வாசலில் ஆர்ட்டிகிள்ஸ்? பொதுநலச் சட்டம் பற்றி டர்பன் குடும்பம் ஒன்று எடுத்த முடிவு

எதற்காக இந்தப் பதிவு

நான் வக்கீல் இல்லை, கணக்காளன். மதுரைப் பக்கத்திலிருந்து டர்பனுக்கு வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். வகுப்பு முடிந்ததும் பெற்றோர் சிலர் பிள்ளைகளின் படிப்பு, வேலை, கடன் என்று ஏதாவது கேட்க உட்காருவார்கள். கணக்குத் தெரிந்த ஆள் என்று அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

2021 செப்டம்பரில், சட்டப் படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்த ஒரு பெண் பெற்றோரோடு வந்தாள். பொதுநலச் சட்டத்தில், அதாவது வக்கீலுக்குக் காசு கொடுக்க முடியாதவர்களுக்காக வழக்காடும் வேலையில், இறங்கலாமா வேண்டாமா என்பது கேள்வி. அன்றிலிருந்து 2025 நடுப்பகுதி வரை நடந்ததைக் குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்கள் இல்லை, அடையாளம் காட்டக்கூடிய இரண்டு மூன்று விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் முதலில் கொடுத்த அறிவுரை சரியில்லை. பிறகு போட்ட கணக்கிலும் ஓர் ஓட்டை இருந்தது. இரண்டையும் மறைக்காமல் எழுதுவதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

பின்னணி: வீடு

அப்பாவழித் தாத்தா நகரசபைத் தொழிலாளி. தொழிலாளர் குடியிருப்பான மேகஸின் பேரக்ஸில் இருந்த குடும்பம், இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் காலத்தில், 1960-களில், சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றப்பட்டது. அப்பா காலணித் தொழிற்சாலையில் இருந்தார். வெளிநாட்டுச் சரக்கு வந்து டர்பனின் காலணி, துணித் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது அதுவும் மூடியது. இப்போது டெலிவரி வேன் ஓட்டுகிறார். அம்மா சூப்பர் மார்க்கெட்டில் காசாளர். தம்பி அப்போது பதினோராம் வகுப்பு. வீட்டில் ஆயாவும் உண்டு. இங்கே பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆயா நாற்பது வருஷம் வார்விக் பகுதியின் காலைச் சந்தையில் கீரை விற்றவர்.

அந்த வீட்டில் பட்டம் வாங்கப்போகிற முதல் ஆள் இந்தப் பெண். 2018-ல் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் எல்எல்பி சேர்ந்தாள். ஆண்டு வருமானம் 350,000 ராண்டுக்குள் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசின் முழு உதவித்தொகை அந்த வருஷம்தான் தொடங்கியது. அதில் அவள் வந்துவிட்டாள். ஆகவே படிப்புக் கடன் இல்லை. இந்த ஒரு வரி பின்னால் முக்கியமாகும்.

பின்னணி: தொழில்

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். தென்னாப்பிரிக்காவில் நாலு வருஷ எல்எல்பி முடித்தவுடன் வக்கீல் ஆகிவிட முடியாது. அட்டர்னி, அதாவது கட்சிக்காரரை நேரடியாகப் பார்க்கும் வக்கீல், ஆக வேண்டுமென்றால் ஒரு மூத்த அட்டர்னியின் கீழ் வழக்கமாக இரண்டு வருஷம் ஒப்பந்தத்தில் வேலை பழக வேண்டும். இதைத்தான் இங்கே எல்லோரும் ஆர்ட்டிகிள்ஸ் என்கிறார்கள். பயிற்சி வகுப்பு, நாலு தாள் போர்டு பரீட்சை, கடைசியில் ஹைகோர்ட்டில் சேர்க்கை மனு. எங்கே ஆர்ட்டிகிள்ஸ் செய்கிறோமோ அந்த இடத்தின் பழக்கமும் ஆட்களும் தொழில் முழுக்கக் கூட வருவார்கள் என்று சொல்வார்கள்.

பொதுநலச் சட்டம் இந்த நாட்டில் நிறவெறிக் காலத்துப் பிள்ளை. விட்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்முறைச் சட்ட ஆய்வு மையம் 1978-ல் வந்தது. லீகல் ரிசோர்சஸ் சென்டர், லாயர்ஸ் ஃபார் ஹியூமன் ரைட்ஸ் என்ற பொதுநல அமைப்புகள் இரண்டும் 1979-ல். 1996 அரசியல் சட்டம் வந்த பிறகு அவர்கள் கையில் பெரிய ஆயுதங்கள் சேர்ந்தன. வீட்டுக்கு 26-ஆம் பிரிவு, மருத்துவத்துக்கு 27, கல்விக்கு 29. பொதுநலன் கருதி யாரும் கோர்ட்டுக்குப் போகலாம் என்கிற 38-ஆம் பிரிவும் உண்டு. வழக்கோடு வரும் கட்சிக்காரர் காசு கொடுப்பதில்லை. நன்கொடை அறக்கட்டளைகள், அவற்றிலும் பல வெளிநாட்டவை, அலுவலகத்தை நடத்துகின்றன. அப்படியானால் அந்த நன்கொடை எத்தனை வருஷத்துக்கு என்று ஒரு கணக்காளன் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

கையில் இருந்த இரண்டு வாய்ப்புகள்

ஒன்று டர்பனை அடுத்த உம்லாங்காவில் கம்பெனிச் சட்டம் பார்க்கும் ஓர் அலுவலகம். ஜூலை விடுமுறையில் அங்கே இரண்டு வாரம் வேலை பார்த்திருந்தாள், பிடித்தும் இருந்தது. ஒரு ஒப்பந்தத்தின் இருபதாம் பக்கத்தில் இருந்த பிழையைக் கண்டுபிடித்ததைக் கண்கள் மின்னச் சொன்னாள். இரண்டு வருஷ ஆர்ட்டிகிள்ஸ், பரீட்சைக் கட்டணம் அவர்கள் பொறுப்பு, நன்றாகச் செய்தால் அங்கேயே வேலை. பதில் சொல்ல அக்டோபர் நடுவரை நேரம்.

இன்னொன்று நகரத்துக்குள் இருக்கும் சின்னப் பொதுநல அலுவலகம். வீட்டிலிருந்து வெளியேற்றும் வழக்குகள்தான் அங்கே அதிகம். ஒரே ஒரு இடம். சம்பளத்தைச் சரியாக எழுதக் குடும்பம் விரும்பவில்லை. உம்லாங்கா 100 என்றால் இது 60-க்குக் கொஞ்சம் கீழே. பரீட்சைக் கட்டணம் அவளே பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு இடமும் ஓட்டுநர் உரிமமும் சொந்தக் காரும் கேட்டன. இங்கே ஆர்ட்டிகிள்ஸ் விளம்பரங்களில் அது சாதாரணம்.

முதல் சந்திப்பு, நான் சொன்னது

பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாலு பேர். அப்பா பேசவே இல்லை. அம்மா நேராகவே சொன்னார்: "பாவப்பட்டவங்களுக்கு ஏதாவது செய்யணும்னா கோயில்ல அன்னதானம் போடலாம். அதுக்கா நாலு வருஷம் படிச்சா?" கூட வந்திருந்த மாமா நவநீதம் பிள்ளையின் பெயரை எடுத்தார். டர்பன் தமிழ் வீடுகளில் பெண் சட்டம் படிக்கிறாள் என்றால் அந்தப் பெயர் வராமல் இருக்காது. கிளேர்வுட்டில் பஸ் டிரைவரின் மகள், ஊரார் காசு போட்டுப் படிக்க வைத்தார்கள், 1967-ல் நேட்டாலில் சொந்தமாகச் சட்ட அலுவலகம் திறந்த, வெள்ளையரல்லாத முதல் பெண், பின்னால் ஐ.நா.வின் மனித உரிமை ஆணையர். "அவங்க எங்க போயிட்டாங்க பாரு" என்றார் மாமா. அம்மாவும் அதே பெயரைத் தன் பக்கம் இழுத்தார்: "சொந்தமா ஆபீஸ் போட்டுத்தானே மேல வந்தாங்க?"

எனக்கு அந்த உதாரணம் இங்கே பொருந்துவதாகத் தோன்றவில்லை. அவர் சொந்த அலுவலகம் திறந்ததற்குக் காரணம், வெள்ளைக்காரர் அலுவலகம் எதுவும் அவரை வேலைக்கு எடுக்காததுதான். இந்தப் பெண்ணுக்கு இரண்டு கதவும் திறந்திருந்தன. குழப்பமே அதனால் வந்தது.

சரி, நான் என்ன சொன்னேன்? "முதலில் உம்லாங்கா போ. ஐந்து வருஷம் சம்பாதி. வீட்டை நிமிர்த்து. அப்புறம் சேவை." கணக்காளன் சொல்லக்கூடியதைத்தான் சொன்னேன். அவள் மறுத்துப் பேசவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அங்கிள், அப்படிப் போய்விட்டுத் திரும்பி வந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா?" யோசித்துப் பார்த்தேன். முப்பது வயதுக்குள் வீட்டுக்கு பாண்ட், அதாவது அடமானக் கடன், காருக்குத் தவணை, கல்யாணம் என்று எல்லாம் வந்துவிடும். 100-லிருந்து 60-க்கு இறங்கிய ஒருவரும் என் நினைவில் இல்லை. திரும்பி வருபவர்கள் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. நான் பார்க்காத ஒன்றை நடக்கும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு முடிவு எடுக்க வேண்டாம் என்று மட்டும் ஒத்துக்கொண்டோம். செப்டம்பர் கடைசியில் வகுப்பு விடுமுறை வந்தது. தன் பேராசிரியர் மூலம் அந்தப் பொதுநல அலுவலகத்தில் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி வாங்கினாள். பார்த்ததை எல்லாம் நோட்டில் எழுதி வரச் சொன்னேன். இந்த முழு விஷயத்தில் நான் செய்த உருப்படியான வேலை அதுதான்.

ஒரு வாரம் வராந்தாவில்

நோட்டின் முதல் பக்கத்தில் கோர்ட் வராந்தாவைப் பற்றித்தான் இருந்தது. பட்டியலில் இருந்த வெளியேற்ற வழக்குகள் உள்ளே ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. ஒத்திவைப்பு, மறுபடி ஒத்திவைப்பு. வேலை நடந்தது வெளியே பெஞ்சில்.

அதற்குக் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. கோர்ட் உத்தரவில்லாமல் யாரையும் வீட்டைவிட்டு வெளியேற்ற முடியாது. எல்லாச் சூழ்நிலைகளையும் பார்த்துத்தான் உத்தரவு போட வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். 1998-ல் வந்த வெளியேற்றத் தடுப்புச் சட்டம் அதை விரிக்கிறது. விசாரணைக்குக் குறைந்தது 14 நாள் முன்னால் குடியிருப்பவருக்கும் நகராட்சிக்கும் அறிவிப்பு போக வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் குடியிருந்தால், மாற்று இடம் கொடுக்க வழி இருக்கிறதா என்பதையும், முதியவர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பெண் தலைமையில் நடக்கும் குடும்பங்கள் ஆகியோரின் நிலையையும் கோர்ட் எடை போட வேண்டும். எடை போடுவதற்கு அது தராசுக்கு வந்தாக வேண்டுமே. பிரமாணப் பத்திரத்தில் எழுதப்பட்டால்தான் வரும். எழுத வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும்.

இரண்டாம் நாள் எழுபது வயதைத் தொட்ட ஒரு ஜூலு அம்மாள் பழுப்பு உறையோடு வந்திருந்தார். இரண்டு மாதத்தில் காலி செய்வதாக உறைக்குள் ஒரு சம்மதப் பத்திரம். கையெழுத்துப் போடத்தான் வந்திருக்கிறார்; மறுக்கலாம் என்றே அவருக்குத் தெரியாது. அட்டர்னி பக்கத்தில் உட்கார்ந்து இருபது நிமிஷம் கேட்டார். எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள்? பதினொன்று. கூட யார்? மூன்று பேரப்பிள்ளைகள். அவர்களில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? ஒரு பிள்ளை சக்கர நாற்காலியில். வருமானம்? முதியோர் உதவித்தொகை. குடியிருப்பவர் ஒத்துக்கொண்டாலும், தெரிந்துதான் ஒத்துக்கொண்டாரா, உத்தரவு நியாயமானதா என்று கோர்ட் பார்க்க வேண்டும் என ஜோகன்னஸ்பர்க் பெரியா வழக்கில் 2017-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த இருபது நிமிஷம் இல்லையென்றால் அந்தத் தீர்ப்பு இருந்தும் உறைக்குள் ஒன்றும் மாறியிருக்காது.

நோட்டில் அதற்குக் கீழே அவள் எழுதியிருந்த வரிகளைத் தமிழில் தருகிறேன்: "எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறது, அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று அவர் கேட்காமல் விட்டுவிட்டாரே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஆனால் என்னால் கேட்க முடியாது. எனக்கு ஜூலு வராது."

இதை நான் இரண்டு முறை படித்தேன். இரக்கம் இருக்கிறதா என்று நாங்கள் எல்லோரும் அவளை அளந்துகொண்டிருந்தோம். இரக்கம் எல்லோருக்கும் இருக்கிறது, அன்னதானம் போடச் சொன்ன அம்மாவுக்கும்தான். அடுத்த கேள்வி என்ன என்று மனது ஓடுவது வேறு சங்கதி. உம்லாங்காவில் இருபதாம் பக்கத்துப் பிழையைப் பிடித்ததும் அதே மனதுதான். ஆகவே இரண்டு வேலைக்கும் அவள் தகுதி என்பது தெரிந்தது. எது என்பது இன்னும் தெரியவில்லை.

ஜூலு விஷயமும் லேசானது இல்லை. பள்ளியில் ஆஃப்ரிகான்ஸ் எடுத்தவள். அவள் பல்கலைக்கழகத்தில் 2014 முதல் ஜூலு தெரியாதவர்களுக்கு ஒரு பாடம் கட்டாயம். அதில் பாஸ் ஆகியிருந்தாள். அதை வைத்து வணக்கம் சொல்லலாம், பிரமாணப் பத்திரம் எழுத முடியாது.

நாலு தீர்ப்புகள்

வாரக் கடைசியில் அந்த அலுவலகத்தின் மூத்தவர் அவளிடம் நாலு தீர்ப்புகளைக் கொடுத்து, "படித்துவிட்டு, கட்சிக்காரருக்குக் கையில் என்ன கிடைத்தது என்று மட்டும் எழுது" என்றாராம். அவள் எழுதியதை என்னிடம் காட்டினாள்.

1997, சுப்பிரமணி வழக்கு. ஆங்கிலத்தில் சூப்ரமணி என்று ஏதோ புதுப் பெயர் மாதிரி தெரிந்தாலும் நம் சுப்பிரமணிதான்; ஒப்பந்தக் கூலிகள் வந்த காலத்துக் குமாஸ்தாக்களின் எழுத்து. டர்பன்காரர், சிறுநீரகம் செயலிழந்தவர், ஆடிங்டன் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் கேட்டார். இயந்திரங்கள் குறைவு, குணமாகக்கூடியவர்களுக்கும் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியானவர்களுக்கும்தான் முன்னுரிமை. நவம்பர் 27 அன்று அவருக்கு எதிராகத் தீர்ப்பு. சில நாளில் இறந்துபோனார்.

2000, குரூட்பூம் வழக்கு. வீட்டு உரிமையில் உலகம் முழுக்கப் படிக்கப்படும் வெற்றி. வழக்குப் போட்ட ஐரீன் குரூட்பூம் 2008-ல் குடிசையிலேயே இறந்தார்.

2002, எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்கு நெவிரபின் மருந்து கேட்டு ட்ரீட்மெண்ட் ஆக்‌ஷன் கேம்பெயின் என்ற அமைப்பு போட்ட வழக்கு. மருந்து கிடைத்தது. குழந்தைகள் தொற்றில்லாமல் பிறந்தார்கள்.

2007, பிள்ளை வழக்கு. இதே டர்பனில், மூக்குத்தி போட்டுப் பள்ளிக்கு வரக்கூடாது என்று தடுக்கப்பட்ட தமிழ்ப் பெண்ணின் வழக்கு. மூக்குத்தி அவள் பண்பாட்டின் பகுதி, பள்ளி விலக்கு கொடுத்திருக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. வந்தபோது அவள் அந்தப் பள்ளியிலேயே இல்லை.

நாலில் ஒன்றில்தான் கேட்டவர் கைக்கு நேரத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. என் தொழிலில் இப்படி ஒரு வரவேடு வந்தால் கடையை மூடச் சொல்லியிருப்பேன். "இது உனக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டேன். உடனே ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். "தெரியலை அங்கிள். ரெண்டு வருஷம் பார்த்தாத்தான் தெரியும்" என்றாள்.

கணக்கு

24 மாதத்துக்கு வரவு செலவு போட்டேன். வீடு சொந்தம், பாண்ட் இல்லை. படிப்புக் கடன் இல்லை. இந்த இரண்டும்தான் கணக்கைத் தூக்கி நிறுத்தின. இந்தக் கடன்களில் ஒன்று இருந்திருந்தாலும் உம்லாங்கா என்றுதான் சொல்லியிருப்பேன், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

பெட்ரோல், காருக்கு இன்சூரன்ஸ், பரீட்சைக் கட்டணம், சேர்க்கை மனுச் செலவு எல்லாம் கழித்தால் 60-லிருந்து வீட்டுக்கு வருவது சொற்பம். தம்பி 2023-ல் பல்கலைக்கழகம் போகும்போது துண்டு விழும். அப்போதுதான் அப்பா முதல் தடவையாக வாய் திறந்தார்: "சனிக்கிழமையும் டெலிவரிக்குப் போறேன். அத எழுதிக்கோங்க." எழுதிக்கொண்டேன். வரவுப் பக்கத்தில்.

அம்மாவுக்கு இன்னொரு பயம் இருந்தது. அரசாங்கத்தின் மேல் கேஸ் போட்டுத் தோற்றால் அவர்கள் செலவையும் நாம்தானே கட்ட வேண்டும்? அது வக்கீல் தலையில் விழுவதில்லை என்று மகள் விளக்கினாள். அரசியல் சட்ட உரிமைக்காக அரசை எதிர்த்து வழக்காடித் தோற்றவரிடம் பொதுவாகச் செலவு வாங்கக்கூடாது என்று 2009-ல் பயோவாட்ச் வழக்கில் தீர்ப்பே இருக்கிறது என்றும் சொன்னாள். அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. இந்த ஒரு சந்தேகத்தை மனதில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் தூங்காமல் இருந்திருக்கிறார், யாரும் கேட்கவில்லை.

ஆயா

கணக்கைக் காட்ட வீட்டுக்குப் போயிருந்தேன். புரட்டாசி மாதம், மரக்கறிச் சாப்பாடு. சாப்பிட்ட பிறகு ஆயா தானாகவே பேச ஆரம்பித்தார். காலைச் சந்தை இருந்த இடத்தில் 2009-ல் மால் கட்டும் திட்டம் வந்தது. வியாபாரிகள் எதிர்த்தார்கள், வழக்குகளும் போயின, கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. சந்தை இன்றும் அங்கேயே இருக்கிறது.

"கோர்ட்டுல என்ன பேசுனாங்கன்னு எனக்குத் தெரியாது தம்பி. ஒரு பொண்ணு என் கீரைத் தட்டுக்குப் பக்கத்துல வந்து உக்காந்துச்சு. எத்தன மணிக்கு வருவீங்க, ஒரு கட்டு என்ன வெல, எத்தன பேரு உங்க காசுல சாப்புடுறாங்கன்னு கேட்டுக் கேட்டு எழுதுச்சு. அதுவரைக்கும் அத யாரும் என்னயக் கேட்டதில்ல." பிறகு பேத்தியைப் பார்த்து, "நீ போனா அந்தக் கேள்விய ஜூலுவுல கேக்கணும், கண்ணு. உனக்கு எங்க வருது?" என்றார். ஆயாவுக்கு ஜூலு தண்ணீர்பட்ட பாடு. நாற்பது வருஷம் வாங்குகிறவர்களோடு பேசியே வந்தது.

வராந்தாவில் பேத்தி பார்த்ததைத் தட்டுக்கு இந்தப் பக்கம் இருந்து ஆயா பார்த்திருக்கிறார். அதன் பிறகு அம்மா எதிர்ப்புச் சொல்லவில்லை.

முடிவு

2021 அக்டோபர் இரண்டாம் வாரம் பொதுநல அலுவலகத்தை எடுத்தாள். எழுதி வைத்த காரணங்கள் மூன்று. வேலையின் அன்றாடம் அவள் மனதின் ஓட்டத்துக்குப் பொருந்துகிறது. கடன் இல்லாத இந்த இரண்டு வருஷம் மறுபடி வராது. பிடிக்கவில்லையென்றாலும் அட்டர்னி ஆகிவிடுவாள், கைத்தொழில் போகாது. கூடவே நிபந்தனைகள்: டிசம்பருக்குள் ஓட்டுநர் உரிமம், தினமும் ஆயாவோடு அரை மணி ஜூலு, 24 மாதம் முடிந்ததும் பழைய முடிவுக்குக் கட்டுப்படாமல் புதிதாக யோசிப்பது. உம்லாங்காவுக்கு அவளே நேரில் போய்ச் சொன்னாள்; நல்லபடியாகவே வழியனுப்பினார்கள்.

பிறகு நடந்தது

2022 ஜனவரியில் சேர்ந்தாள். முதல் வாரத்திலேயே தெரிந்த ஒன்று: ஆர்ட்டிகிள்ஸ் ஒப்பந்தத்தை நடுவில் வேறு அட்டர்னிக்கு முறைப்படி மாற்றிக்கொள்ள முடியும். திரும்ப முடியாத பாதை என்று நினைத்துத்தான் நாங்கள் அத்தனை மண்டையை உடைத்துக்கொண்டோம்.

சந்தை ஜூலுவைக் கேட்டு அலுவலக மொழிபெயர்ப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தாராம். பேரம் பேசுகிற ஜூலு அது. ஆனாலும் ஆறு மாதத்தில் அவரில்லாமல் முதல் நேர்காணலை முடிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

ஏப்ரல் 11, 12 தேதிகளில் அந்தப் பெருமழை. மாகாணத்தில் 400-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். வீடிழந்தவர்கள் மண்டபங்களில் தங்கினார்கள். மூன்று மாத அனுபவத்தோடு அவள் மண்டபம் மண்டபமாகப் போய்ப் பெயர், வயது, எங்கே இருந்தார்கள், என்ன போயிற்று என்று எழுதினாள். அந்த வருஷம் புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் கோயிலுக்கு வந்தவள் மண்டபப் படியில் உட்கார்ந்து எழுந்திருக்கவே இல்லை. முந்தின நாள் ஒரு முதியவருக்கு வெளியேற்ற உத்தரவு ஆகியிருந்தது. அவள் எழுதிய முதல் பிரமாணப் பத்திரம் அந்த வழக்கில்தான். எங்களில் யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அலுவலகத்திலும் அதற்கு ஏற்பாடு எதுவும் இல்லை. பிறகு சக வக்கீல்கள் இரண்டு பேரோடு வெள்ளிக்கிழமை மாலைகளில் பேசுவது என்று அவளே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள்.

2023 குளிர்காலத்தில் அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை டெலிவரி நின்றது, பிறகு ஒரு மாதம் எல்லா நாளும் நின்றது. தம்பிக்கும் உதவித்தொகை கிடைத்திருந்ததால் தப்பித்தார்கள். அவள் சாயந்தரங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்தாள். அந்தச் சோர்வில் போர்டு பரீட்சையில் ஒரு தாள் போய், இரண்டாம் தடவை எழுதினாள்.

2024 தொடக்கத்தில் ஹைகோர்ட்டில் சேர்க்கை. 24 மாதம் ஆனதும் மறுபடி உட்கார்ந்து பேசினோம். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அதே அலுவலகத்தில் அட்டர்னியாக ஒரு வருஷ ஒப்பந்தம். 2025-ல் அந்தத் திட்டத்துக்கு வந்த நன்கொடை முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. அவள் வேலையும் அதோடு போனது.

இரண்டு மாதம் வீட்டில் இருந்தாள். இப்போது பழைய சக ஊழியர் ஒருவர் நடத்தும் இரண்டு பேர் அலுவலகத்தில் இருக்கிறாள். விவாகரத்து, இறந்தவர் சொத்து நிர்வாகம் ஆகியவற்றில் வாடகைக்கும் சம்பளத்துக்கும் வரும். அரசின் இலவசச் சட்ட உதவி நிறுவனமான லீகல் எய்ட் தனியார் வக்கீல்களுக்குக் கொடுக்கும் வழக்குகள் கொஞ்சம். வெளியேற்ற வழக்குகள் பாதி நேரம், பல சமயம் காசில்லாமல். முழுநேரப் பொதுநலச் சட்டம் என்று இதைச் சொல்ல முடியாது. தோற்றுவிட்டது என்றும் அவள் நினைக்கவில்லை. உம்லாங்காவில் அந்த வருஷம் சேர்ந்த வகுப்புத் தோழி வசதியாக இருக்கிறாள். வருஷத்துக்கு இரண்டு மூன்று வழக்குகளை இலவசமாக எடுத்து, இவளிடம் யோசனை கேட்டு நடத்துகிறாள். யார் எடுத்தது சரி என்று நான் ஒப்பிடப் போவதில்லை.

மறுபடி செய்வதானால்

"முதலில் சம்பாதி, அப்புறம் சேவை" என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லும் முன் வேலையை ஒரு வாரம் கண்ணால் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். இரண்டு இடத்திலும்.

ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்பதை முதல் நாளே விசாரிப்பேன். பயத்தில் பாதி குறைந்திருக்கும்.

அப்பாவின் சனிக்கிழமையை வரவில் எழுதினேன். ஐம்பத்தைந்து வயது முதுகை நம்பி வரும் காசு அது. கணக்கில் அபாயம் என்று ஒரு பத்தி வைத்து அங்கே எழுதியிருக்க வேண்டும். வேறொருவர் கணக்காக இருந்திருந்தால் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டேன். அவர் கேட்ட விதத்தில் பேனா தானாகப் போய்விட்டது.

ஆயாவை முதல் சந்திப்புக்கே கூப்பிட்டிருப்பேன்.

மனச் சுமைக்கு யார் துணை என்று அந்த அலுவலகத்திடம் நேர்காணலிலேயே கேட்கச் சொல்வேன். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அப்புறம் நிதி. போன மாதம் இன்னொரு பையன் வந்திருந்தான், டர்பனின் ஃபீனிக்ஸ் பக்கம், மூன்றாம் வருஷச் சட்டம். அவனுக்கும் ஒரு பொதுநல அலுவலகத்தில் இடம் கிடைக்கும்போல இருக்கிறது. சம்பளம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அந்தப் பணம் யார் தருவது, எந்த வருஷம் எந்த மாதம் வரை என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை கேட்டுவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறான்.